நாலு கட்டும் ஒரு மூக்கும்

தக்காளி வாங்கப் போனாலும் சரி, செருப்பு வாங்கப் போனாலும் சரி, சீட்டக்காவுக்கு முடிவெடுப்பது என்றால் மலையைப் புரட்டுகிற வேலை. ஒரு முறை கணவரோடு குடை வாங்கப் போனாள். நீலமா, கறுப்பா என்று அவள் யோசித்து முடிப்பதற்குள் வெளியே பெய்துகொண்டிருந்த மழையே நின்றுவிட்டது. "இனிமே குடை எதுக்கும்மா?" என்றார் கடைக்காரர். "இருங்க, யோசிச்சுச் சொல்றேன்" என்று அவள் ஆரம்பித்துவிட்டால் போதும், அவளுடைய கணவரும் மகளும் ஆளுக்கொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலைதான் வேடிக்கை. அடுத்தவர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று கூடவே உட்கார்ந்து பார்க்கிற வேலை.

பல்கலைக்கழகத்தின் உளவியல் துறையில், மூன்றாம் மாடியில், லிஃப்டை ஒட்டிய அறையில் பதினோரு வருடமாக அந்த வேலையைப் பார்த்துவந்தாள். வேலையின் பெயர் 'சோதனை அறை உதவியாளர்'. அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. வருகிறவர்களைச் சீட்டெடுக்க வைப்பதால் துறையில் எல்லோருக்கும் அவள் சீட்டக்கா. மகள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, "உங்கம்மா என்ன வேலை பாக்குறாங்க?" என்று ஆசிரியை கேட்டிருக்கிறார். "எங்கம்மா ஆளுங்கள உக்கார வெச்சுச் சீட்டாட வெப்பாங்க, மிஸ். தோத்தா ஒண்ணுமே சொல்ல மாட்டாங்க" என்று மகள் பெருமையாகச் சொல்ல, மறுநாள் தலைமை ஆசிரியை பெற்றோரை நேரில் வரச் சொல்லி ஆள் அனுப்பிவிட்டார்.

சோதனை இதுதான். மேசைமேல் நாலு சீட்டுக்கட்டுகள். அ, ஆ, இ, ஈ என்று பெயர். வந்தவரிடம் இருநூறு பிளாஸ்டிக் வில்லைகளைக் கொடுத்து உட்கார வைப்பார்கள். ஒவ்வொரு முறையும் எந்தக் கட்டிலிருந்து வேண்டுமானாலும் மேல்சீட்டை அவர் எடுக்கலாம். மொத்தம் நூறு சீட்டு எடுக்க வேண்டும். அ, ஆ இரண்டும் தாராளமாகப் பத்துப் பத்து வில்லையாக அள்ளிக் கொடுக்கும். நடுவே திடீரென்று நூற்றுக்கு மேல் பிடுங்கிக்கொள்ளும். இ, ஈ இரண்டும் கஞ்சக் கட்டுகள். ஐந்து ஐந்தாகத்தான் கொடுக்கும், ஆனால் பிடுங்குவதும் குறைவு. பொறுமையாக இ, ஈ பக்கமே போகிறவர் லாபத்தோடு எழுந்திருப்பார். அள்ளிக் கொடுக்கிற கட்டை நம்பியவர் ஓட்டாண்டி. இதை யாரும் அவருக்குச் சொல்ல மாட்டார்கள். அவராகவே கண்டுபிடிக்க வேண்டும்.

இடது கையின் இரண்டு விரல்களில் பட்டையைச் சுற்றி, ஒயர் மாட்டி, வியர்வையை அளப்பார்கள். எந்தக் கட்டு மோசம் என்று மனசுக்குத் தெரிவதற்கு முன்பே கைக்குத் தெரிந்துவிடுகிறது, மோசமான கட்டை நெருங்கும்போதே விரல் லேசாக வியர்க்கிறது என்பது பேராசிரியரின் நம்பிக்கை. அந்த வியர்வைக் கோடு பக்கத்து அறையில் கணினித் திரையில் ஓடும். ஆராய்ச்சி மாணவி ஒருத்தி அதை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அறையில் உட்காருகிற ஆளைத் தேடிப் பேராசிரியர் அந்தக் காலத்தில் படாத பாடு பட்டார். முதலில் வந்தவர் வாய் ஓயாமல் பேசினார். அடுத்து வந்த பெண், யாராவது தோற்றால் "அச்சச்சோ" என்றாள். மூன்றாவதாக வந்தவர் தானே இரண்டு சீட்டு எடுத்துப் பார்த்துவிட்டார். அப்போது அலுவலகத்தில் தபால் பிரித்துக்கொண்டிருந்த சீட்டக்காவைப் பேராசிரியர் கவனித்தார். கீழே விழுந்த மைப்புட்டி உடைந்து அவள் புடவையெல்லாம் தெறித்தபோதும், அவள் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

"உங்க முகம் செவுரு மாதிரி இருக்கும்மா" என்றார். "இந்த வேலைக்கு அதுதான் வேணும்."

வேறு யாராவது சொல்லியிருந்தால் வருத்தப்பட்டிருப்பாள். பேராசிரியர் சொன்னதால் பாராட்டாக எடுத்துக்கொண்டாள். யோசிப்பதற்கு நேரம் கேட்காமல் அவள் ஒப்புக்கொண்ட ஒரே விஷயம் அதுதான். அன்றிலிருந்து அந்தச் சுவரை அவள் பத்திரமாகப் பராமரித்துவந்தாள். மோசமான கட்டில் கைவைத்துச் சொத்தையெல்லாம் இழந்தவர்கள் பரிதாபமாக அவளைப் பார்ப்பார்கள். அவள் சிரிக்க மாட்டாள், புருவத்தை உயர்த்த மாட்டாள். நூறாவது சீட்டு முடிந்ததும், "நன்றி. பட்டையைக் கழற்றிக்கொள்ளலாம்" என்று அச்சடித்த தாளில் இருப்பதை அப்படியே வாசிப்பாள்.

உள்ளுக்குள் மட்டும் ஆட்டம் களைகட்டும். எத்தனை விதமான மனிதர்கள்! சீட்டை எடுக்குமுன் உள்ளங்கையில் ஊதிக்கொள்கிறவர், ஒவ்வொரு கட்டையும் வரிசையாக முறைவைத்துத் தொடுகிறவர், அடி வாங்கிய கட்டிலேயே மறுபடி மறுபடி முட்டிக்கொண்டு "இது என்ன செஞ்சிடும், பாத்துடலாம்" என்று மல்லுக்கு நிற்கிறவர். கணக்குப் பிள்ளை ஒருவர் ஒரு சீட்டு எடுக்க நாலு நிமிடம் எடுத்துக்கொண்டார். அவரை மட்டும் சீட்டக்காவுக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

கட்டுகளை அடுக்குவதும் அவள்தான். வரிசை மாறவே கூடாது. ஆ கட்டில் ஒன்பதாவது சீட்டு பெரிய வெடி. அதைத் தொட்டால் நூற்றிருபத்தைந்து வில்லை காலி. யாருடைய கை எந்தச் சீட்டை நோக்கிப் போகிறது, அடியில் என்ன காத்திருக்கிறது என்று அந்த அறையில் முன்கூட்டியே தெரிந்த ஒரே ஆள் அவள்.

அங்கேதான் வந்தது வினை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் வந்தார். தும்பைப்பூ மாதிரி நரைத்த தலை, தொளதொள சட்டை. நாற்காலியில் உட்கார்ந்தவர் ஸ்டியரிங் பிடிக்கிறவர் மாதிரி மேசையின் இரு பக்கமும் கையை வைத்துக்கொண்டார். சீட்டக்கா தாளில் இருந்ததை வாசித்தாள். "சரிம்மா, போலாம்" என்றார், வண்டியை எடுக்கச் சொன்னவர் மாதிரி.

ஆரம்பத்தில் அவரும் எல்லோரையும் போலத்தான். ஆ கட்டு அள்ளிக் கொடுப்பதைப் பார்த்து எட்டுச் சீட்டு எடுத்தார். ஒன்பதாவதுக்குக் கையை நீட்டினார். சீட்டக்கா சுவர்போல் உட்கார்ந்திருந்தாள். அவர் கை பாதி வழியில் நின்றது. அவளை நிமிர்ந்து பார்த்தார். கையை அப்படியே வளைத்து, ஒரு திருப்பத்தில் வண்டியைத் திருப்புகிற லாவகத்தோடு இ கட்டுக்குக் கொண்டுபோனார். அதற்குப் பிறகு ஆ பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இ-யில் நட்டச் சீட்டு வரும்போது ஈ-க்குத் தாவினார். ஈ-யில் வரும்போது இ-க்குத் தாவினார். இரண்டிலும் நட்டம்தான் என்று வழி அடைபட்டால் மட்டும், இருப்பதில் சின்ன அடியாகப் பார்த்து வாங்கிக்கொண்டார். நூறு சீட்டு முடிந்தபோது அவர் முன்னால் வில்லைகள் குன்றுபோல் குவிந்திருந்தன. பதினோரு வருடத்தில் அப்படி ஒரு குவியலைச் சீட்டக்கா பார்த்ததில்லை.

பக்கத்து அறையிலிருந்து ஆராய்ச்சி மாணவி கண்ணாடி மூக்கில் சறுக்க ஓடிவந்தாள். "அக்கா! கோடு அசையவே இல்லக்கா! கை ஒரு பொட்டுகூட வேர்க்கல! வேர்க்காம எப்படிக்கா ஜெயிச்சாரு?"

தகவல் பேராசிரியருக்குப் போனது. அவர் செருப்பை மாட்டிக்கொள்ள மறந்து வராந்தாவில் வந்து நின்றார். இத்தனை வருட ஆராய்ச்சியில் இப்படி ஓர் அபூர்வ மனிதர் அகப்பட்டதில்லை, அடுத்த மாத மாநாட்டுக் கட்டுரையில் இவருக்கென்று தனிப் பகுதியே எழுத வேண்டும் என்றார்.

அபூர்வ மனிதரை லிஃப்ட் வரை வழியனுப்பப் போனாள் சீட்டக்கா.

"ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?" என்றார் டிரைவர், லிஃப்டின் பொத்தானை அழுத்திக்கொண்டே.

"கேளுங்க."

"நாஞ் சொல்லாம கொள்ளாம ஜெயிச்சிட்டுப் போறது நியாயமில்ல. டிப்போல முப்பது வருஷம் ரம்மி ஆடிருக்கேன். சீட்டப் பாத்து ஆடுறவன் சாப்பாட்டுக்கு லாட்டரி அடிப்பான். எதிர்ல இருக்கிற மூஞ்சியப் பாத்து ஆடணும்."

"என் மூஞ்சியிலயா? என் மூஞ்சி செவுரு மாதிரிங்க. பேராசிரியரே சொல்லிருக்காரு."

"செவுருதான். யாரு இல்லன்னா? ஆனா செவுத்துல ஒரு மூக்கு இருக்குல்ல." தன் மூக்கைத் தொட்டுக் காட்டினார். "கெட்ட சீட்டுப் பக்கம் கை போனா உங்களுக்கு மூக்கு விடைக்குது. லேசாத்தான். நல்ல சீட்டுன்னா அமைதியா இருக்கு. நான் கட்டப் பாக்கவே இல்லம்மா. மூக்கத்தான் பாத்தேன்."

லிஃப்ட் வந்தது. டிரைவர் ஏறிக்கொண்டு, கதவு மூடும்வரை அசட்டுச் சிரிப்போடு கையசைத்தார்.

சீட்டக்கா அறைக்குத் திரும்பவில்லை. நேரே கழிப்பறைக்குப் போய்க் கண்ணாடி முன் நின்றாள். நாற்பத்தெட்டு வருடமாகக் கூடவே இருக்கும் மூக்கு, ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி நடு முகத்தில் உட்கார்ந்திருந்தது. ஆ கட்டின் ஒன்பதாவது சீட்டை நினைத்துப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. யாராவது கை நீட்டினால்தானே நடக்கும்?

சாயங்காலம் வீட்டில் நாலு டம்ளர்களைக் கவிழ்த்து வைத்தாள். "நான் ஒண்ணுக்கு அடியில ரப்பர் வெப்பேன். கை நீட்டிக் கண்டுபிடிங்க" என்றாள்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். அன்று ஐந்து மாடி ஏறி இறங்கிய களைப்பில் இருந்தவர், "என்னம்மா இது, வீட்லயும் ஆராய்ச்சியா?" என்று முனகினார். ஆனாலும் வந்து உட்கார்ந்தார். ஒரு டம்ளரை நோக்கிக் கையைக் கொண்டுபோனார், நிறுத்தினார், அடுத்ததற்குப் போனார், தூக்கினார். ரப்பர். மறுபடி மறைத்தாள். மறுபடி ரப்பர். பத்து முறையும் ரப்பர்.

கல்லூரியில் படிக்கும் மகளுக்குப் பொறுக்கவில்லை. "அப்பா, எப்படிப்பா?"

"உங்கம்மா மூக்கப் பாரு."

மகள் பார்த்தாள். முதல் தடவை தவறிவிட்டது. அடுத்த ஒன்பதும் சரி.

சீட்டக்கா டம்ளர்களை ஓரமாக நகர்த்திவிட்டுக் கணவரைப் பார்த்தாள். "உங்களுக்கு எப்பருந்து தெரியும்?"

அவர் தலையைச் சொறிந்தார். "கல்யாணம் ஆன மொத மாசம். ஜன்னலுக்குத் திரை வாங்கப் போனோமே. ஒரு மணி நேரம் நின்ன. கால் கடுத்துப்போய் உன் மூஞ்சியவே பாத்துட்டு இருந்தேன். மஞ்சத் துணியத் தொட்டப்பல்லாம் மூக்கு விடைச்சுது. பச்சையத் தொட்டா கம்முனு இருந்துச்சு. அதான் பச்சைய எடுங்கன்னேன். நீயும் சந்தோசமா வந்த."

"அப்போ அந்தக் குடை?"

"நீலம். கறுப்பத் தொட்டாலே விடைச்சுது." பேச்சு சூடு பிடித்ததும் அவருக்குத் தொழில் ஞாபகம் வந்துவிட்டது. "பழைய லிஃப்ட்ல எந்த மாடியில நிக்குதுன்னு வெளிக் கதவுக்கு மேல லைட் எரியும்ல? உள்ள இருக்கிறவனுக்குத் தெரியாது, வெளிய நிக்கிறவனுக்குத் தெரியும். அந்த மாதிரி."

"இருபத்திரண்டு வருஷமா என் மூக்க வெச்சுக் குடும்பம் நடத்திருக்கீங்க! ஒரு வார்த்த சொல்லணும்னு தோணல?"

"சொன்னா மூக்குமேல கை வெச்சு மறைச்சிடுவியே. அப்புறம் நாம கடையிலயே குடியிருக்க வேண்டியதுதான்."

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். சீட்டக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. நானூற்றுப் பன்னிரண்டு பேர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்துபோயிருக்கிறார்கள். டிரைவர் மாதிரி எத்தனை பேர் மூக்கைப் பார்த்தார்களோ? தெரிந்து பார்த்தவர்கள் சிலர் இருக்கலாம். தெரியாமலே பார்த்து, மோசமான கட்டிலிருந்து கையை இழுத்துக்கொண்டவர்கள் எத்தனை பேரோ? கை முன்கூட்டியே வியர்த்தது என்று பேராசிரியர் எழுதி வைத்ததெல்லாம், அவள் மூக்கைப் பார்த்து வியர்த்ததாக இருந்தால்?

சொன்னால் பதினோரு வருட வேலை மண்ணாகிப் போகலாம். அவர் கோபத்தில் வேறு ஆளை வைத்துக்கொள்ளலாம். சொல்லாவிட்டால் ஒன்றும் ஆகாமலும் போகலாம்; டிரைவர் மறுபடி வரப்போவதில்லை, வேறு யாருக்கும் தெரியப்போவதுமில்லை. எது என்ன கொண்டுவரும் என்று தெரியாத இரண்டு கட்டுகள் இப்போது அவள் முன்னாலேயே இருந்தன.

"பேசாம விட்டுடலாமா?" என்றாள் மெதுவாக.

"அம்மா, விடைக்குது!" என்று கத்தினாள் மகள்.

சீட்டக்கா சட்டென்று மூக்கைப் பொத்திக்கொண்டாள். "எந்திரிங்க ரெண்டு பேரும். துணி, குடையெல்லாம் வேணா மூக்கு எடுத்துக் குடுக்கட்டும். இத நான்தான் முடிவு பண்ணுவேன்."

மறுநாள் காலை மூன்றாம் மாடியில் இறங்கினாள். பேராசிரியரின் அறைக்கு அங்கிருந்து நாற்பது அடி இருக்கும். வழக்கமாக அந்தத் தூரத்தில் அவளால் காபியா டீயா என்றுகூடத் தீர்மானிக்க முடியாது. அன்று கதவைத் தட்டும்போது அவளுக்குள் யோசனை என்று எதுவும் மிச்சமில்லை. போனாள், நின்றாள், சொன்னாள்.

"மூக்கா?" என்றார் பேராசிரியர். முதலில் சிரித்தார். சிரித்துக்கொண்டே அலமாரியிலிருந்து நாலு தடித்த புத்தகங்களை எடுத்து மேசையில் அடுக்கி, "ஒண்ணுக்குள்ள இந்தச் சீட்ட வைங்க பாப்போம்" என்றார். பத்து முறை ஆடினார்கள். ஏழு முறை அவர் சரியாகச் சொன்னார். ஏழாவது தடவை சரியாக வந்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"இது சும்மா தற்செயலா இருக்கலாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"இருக்கலாங்கய்யா. ஆனா வீட்ல என் வீட்டுக்காரர் பத்துக்குப் பத்து."

பேராசிரியர் நாற்காலியில் சாய்ந்து விட்டத்தைப் பார்த்தார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று சீட்டக்காவுக்குத் தோன்றியது.

"நான் நாளையிலருந்து வரட்டுங்களா, வேணாமாங்கய்யா?"

"வராம? உங்க மூக்கப் பத்தி உங்கள விட்டா எனக்கு யாரத் தெரியும்?" என்றவர், கொஞ்சம் பொறுத்து, "இப்ப நீங்க போங்கம்மா. நான் கொஞ்ச நேரம் வருத்தப்படணும்" என்றார்.

அந்தக் கொஞ்ச நேரம் மூன்று நாள் நீடித்தது. அந்த மூன்று நாளும் அவர் அவளோடு பேசவில்லை. எதிரில் பார்த்தால் நோட்டீஸ் பலகையைப் படிக்கிறவர் மாதிரி திரும்பிக்கொள்வார். போன வருடத்து நோட்டீஸ்கள் வரை படித்து முடித்துவிட்டார். நாலாம் நாள் தச்சர் ஒருவர் வந்தார். சீட்டக்காவுக்கும் எதிர் நாற்காலிக்கும் நடுவே ஒரு பலகையை நிறுத்தி, கை மட்டும் நுழைகிற அளவுக்கு அடியில் சந்து வெட்டினார். "நடுவுல என்னத்துக்கும்மா பலகை? சண்டையா?" என்று கேட்டார். "என் மூக்குக்குத் திரைங்க" என்றாள் சீட்டக்கா. அவர் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டு அவசரமாகக் கிளம்பினார்.

பலகைக்குப் பின்னால் இருந்து நாற்பது பேரைப் புதிதாக ஆட வைத்தார்கள். ஆராய்ச்சி மாணவி பழைய கோடு, புதுக் கோடு இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வரைந்து கொண்டுவந்தாள். பலகை இல்லாத காலத்தில் பெரும்பாலானவர்கள் நாற்பதாவது சீட்டுக்குள் நல்ல கட்டைக் கண்டுபிடித்திருந்தார்கள். இப்போது அறுபதைத் தாண்டியது. கை முன்கூட்டி வியர்க்கத்தான் செய்தது. ஆனால் பேராசிரியர் எழுதியிருந்த அளவுக்குச் சீக்கிரமாக இல்லை.

"முழுசா மோசமில்ல" என்றாள் மாணவி.

"பாதி மோசம்" என்றார் பேராசிரியர். ஆனால் அதோடு விட்டுவிடவில்லை. அன்றே, பழைய கட்டுரையை வெளியிட்ட இதழின் ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார்: பழைய எண்களை நம்ப வேண்டாம், தவறு எங்கள் அறையில்தான், சரியான எண்கள் இவை. அபூர்வ மனிதருக்கென்று எழுதி வைத்திருந்த தனிப் பகுதியைக் கிழித்துப்போட்டார்.

மாநாட்டுக்குப் போய்த் தானே எல்லாவற்றையும் சொன்னார். பக்கத்துத் துறைக்காரர் ஒருவர், "ஒரு மூக்கு உங்க மூக்க உடைச்சிடுச்சு போல" என்று எல்லார் முன்னாலும் கேட்டாராம். அரங்கமே சிரித்ததாம். சிரிப்பு அடங்கியதும் பேராசிரியர் நிதானமாக, "உங்க அறையில யாரு உக்காருறாங்க? அவங்க மூஞ்சியப் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டாராம். அவ்வளவுதான். சாப்பாட்டு இடைவேளையில் பாதிப் பேர் வெளியே நின்று தங்கள் தங்கள் சோதனை அறைக்குப் போன் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று உடன் போயிருந்த மாணவி வந்து சொன்னாள்.

அடுத்து அவருக்கு ஒரு யோசனை வந்தது. சீட்டக்காவையே ஆட வைத்தால் என்ன?

அவளுக்குத் தெரியாத வரிசையில், வேறு நிறங்களில், மாணவி நாலு கட்டுகளை அடுக்கினாள். சீட்டக்கா முதன்முறையாக எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். விரல்களில் பட்டை, மூக்குக்கு நேராக ஒரு கேமரா. பத்துச் சீட்டுக்கொரு முறை, "எந்தக் கட்டு நல்லதுன்னு தெரியுதாக்கா?" என்று மாணவி கேட்க வேண்டும் என்று ஏற்பாடு.

ஒவ்வொரு சீட்டுக்கும் அவள் எடுத்துக்கொண்ட நேரத்தில் கேமராவில் பேட்டரி இரண்டு முறை தீர்ந்தது. "தெரியுதாக்கா?" என்று இருபதாவதில் கேட்டார்கள். "தெரியலம்மா." நாற்பதாவதில் கேட்டார்கள். "இன்னும் பிடிபடல." அறுபதாவதில், "இரு, யோசிச்சுச் சொல்றேன்." எழுபதாவதில்தான், "சிவப்பும் மஞ்சளும் ஆபத்து. இப்பதாம்மா புரியுது" என்றாள்.

பிறகு படத்தை ஓட்டிப் பார்த்தார்கள். பதினெட்டாவது சீட்டிலேயே மூக்கு சிவப்பைப் பார்த்துத் தவறாமல் விடைக்க ஆரம்பித்திருந்தது. விரல் இருபத்தொன்றில் வியர்த்திருந்தது. ஐம்பது சீட்டுக் காலம் மூக்கும் கையும் சொல்லிக்கொண்டே இருக்க, அவள் மட்டும் தெரியவில்லை, தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

திரையில் தன் மூக்கைப் பெரிதாகப் பார்த்தது சீட்டக்காவுக்குக் கூச்சமாக இருந்தது. கூடவே வேறொன்றும் இருந்தது. இத்தனை வருடமாகத் தனக்குத் தீர்மானிக்கத் தெரியாது என்று ஊர் சொன்னதை நம்பி, கடைக்காரர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வாழ்ந்திருக்கிறாள். தெரியாமல் இல்லை. உள்ளே தெரிந்தது வெளியே வந்து சேர வழி நீளம், அவ்வளவுதான். அதை யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு கடையில் நின்று, முதலில் கைக்கு வந்த சோப்பை வாங்கிக்கொண்டு நடந்தாள். அது அவளுக்குப் பிடிக்கவே பிடிக்காத வாசனை. பரவாயில்லை என்று அதையே ஒரு மாதம் தேய்த்துத் தீர்த்தாள்.

மூக்குக்கு மவுசு கூடிப்போனதும் உண்மை. கணவர் வேறு நிறுவனத்துக்கு மாறலாமா என்று கேட்கும்போது அவள் கண்ணைப் பார்க்காமல் மூக்கைப் பார்த்தார். மகள் எந்தப் பாடம் எடுக்கலாம் என்று பட்டியலோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள். பேராசிரியர்தான் ஒரு நாள் வீட்டுக்குப் போன் போட்டுக் கணவரைக் கூப்பிட்டு எச்சரித்தார்: "அது ஒண்ணும் ஜோசியம் இல்லீங்க. பலமுறை பாத்துப் பழகின விஷயத்துலதான் அது சரியா விடைக்கும். மொதப் பத்துச் சீட்டுல உங்க வீட்டம்மா மூக்கு கண்டபடி விடைச்சுது, ஆறு தடவ தப்பு. லிஃப்ட் கம்பெனியப் பத்தி அதுக்கு என்ன தெரியும்?" கணவர் பழைய வேலையிலேயே இருந்துகொண்டார், மூக்கைக் கேட்காமல், சம்பளத்தையும் தூரத்தையும் கேட்டு.

அறையில் இப்போது விதி மாறிவிட்டது. சீட்டு வரிசை தெரிந்தவர் உள்ளே உட்காரக் கூடாது. கட்டை அடுக்குவது ஒருவர், உட்காருவது வேறொருவர். அதற்காக இரண்டு பேரைப் புதிதாக எடுத்தார்கள். அவர்களைச் சோதிக்கிற பொறுப்பு சீட்டக்காவுக்கு. மாணவி அவர்களிடம் மட்டும் வரிசையைச் சொல்லிவிட, எதிரில் உட்கார்ந்து சீட்டக்கா ஆடுவாள். முகத்தை மட்டும் பார்த்தால் போதாது என்று சீக்கிரமே கண்டுகொண்டாள். ஒருத்திக்குக் காது சிவந்தது. இன்னொருவர் மோசமான சீட்டு வரும்போது எச்சில் விழுங்கினார். இரண்டு பேருமே தங்கள் முகம் சுவர் மாதிரி என்றுதான் சத்தியம் செய்தார்கள். அவள் அவரவர் சோதனைத் தாளில் 'காது', 'தொண்டை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

கட்டுரை மறுபடி அச்சானபோது, கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லும் இடத்தில் அறை உதவியாளர் என்று அவளைக் குறிப்பிட்டு ஒரு வரி இருந்தது: 'தம் பிழையைத் தாமே வந்து சொன்னமைக்கு.' கணவர் அந்தப் பக்கத்தை லிஃப்டுக்குள் ஒட்டலாமா என்று கேட்டார். வேண்டாம் என்று அரை நொடியில் சொல்லிவிட்டாள்.

பேராசிரியருக்கு மட்டும் ஒரு நாள் ஆசை வந்தது. "எல்லாரையும் பாக்குறீங்களே, என்னையும் பாருங்க. என் மூஞ்சியில எதுவும் தெரியாது. முப்பது வருஷம் பரீட்சைத் தாள் திருத்தின மூஞ்சி."

உட்கார்ந்தார்கள். பேராசிரியரின் முகம் உண்மையிலேயே சுவர்தான். கண் இமைக்கவில்லை, தொண்டை அசையவில்லை, காது வெளுத்தே இருந்தது. அப்படியும் சீட்டக்கா பத்துக்கு ஒன்பது தடவை வெடிச் சீட்டைத் தாண்டிப் போனாள்.

"எப்படி?" என்றார் அவர். குரலில் பெருமை போய்ப் பதற்றம் வந்திருந்தது.

"மேசைக்கு அடியிலங்கய்யா" என்றாள் சீட்டக்கா. "மோசமான சீட்டுன்னா உங்க கால் கட்டைவிரல் செருப்புல டக்கு டக்குன்னு தட்டுது. மூணாவது சீட்டுலயே கேட்டுடுச்சு."

பேராசிரியர் குனிந்து தன் காலைப் பார்த்தார். அது உடனே நின்றுவிட்டது. அன்றிலிருந்து அவர் சோதனை அறைக்குள் வரும்போது செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, இரண்டு காலையும் நாற்காலியின்மேல் மடித்து வைத்துச் சம்மணம் போட்டுத்தான் உட்காருகிறார்.